டயர் பெருத்தால் பாரம் தாங்குமா?

பெரும்போக வெட்டு நெருங்கும்போது கெப் வைத்திருப்பவர்களின் கவனம் டயர் பக்கம் திரும்புவது வழமை. சாகாமம், கஞ்சிகுடிச்சாறு வட்டைகளில் மூடையை ஏற்றி, கிறவல் பாதையில் குலுங்கி வந்து, திருக்கோவிலில் பிரதான வீதிக்கு ஏறி, அக்கரைப்பற்றோ சம்மாந்துறையோ ஆலை வரைக்கும் போக வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது லொறியின் விலை இன்றும் சாதாரண விவசாயிக்கு எட்டாது. இருக்கிற கெப்பையே பலப்படுத்திக்கொள்வோம் என்று நினைப்பதில் தவறில்லை. அந்தப் பலம் உயரமும் அகலமும் கூடிய டயரில் இருக்கிறது என்று நம்புவதில்தான் தவறு. ஆள் பாதி ஆடை பாதி என்பது டயருக்குப் பொருந்தாது. டயர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் சிறிய எண்ணில் இருக்கிறது.

ஹைலக்ஸ் போன்ற கெப்புகளில் பரவலாகப் பாவிக்கப்படும் 225/70ஆர்15சி டயரைக் குனிந்து பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 112/110ஆர் என்று இருக்கும். 112 என்பது பாரச் சுட்டெண். அச்சின் ஒரு பக்கத்தில் ஒற்றை டயராகப் பூட்டினால் 1120 கிலோ தாங்கும் என்று அர்த்தம். இரட்டை டயராகப் பூட்டினால் ஒவ்வொன்றுக்கும் 110, அதாவது 1060 கிலோ. ஆர் என்ற எழுத்து வேக எல்லையைச் சொல்கிறது. இப்போது இதைக் கழற்றிவிட்டுப் பலர் ஆசைப்படும் 31x10.50ஆர்15 டயரைப் பக்கத்தில் வையுங்கள். பார்வைக்கு அது கிட்டத்தட்ட ஒரு சாண் அகலம், தடித்த பட்டன், முரட்டுத் தோற்றம். ஆனால் ஆறு பிளை வகையில் அதன் சுட்டெண் 109, அதாவது 1030 கிலோதான். காசு கூடக் கொடுத்துப் பெரிய டயர் வாங்கி, ஒரு டயருக்கு 90 கிலோ குறைத்துக்கொள்கிறோம். அது உட்கார 7 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும் என்பதால், 6 அங்குல ரிம்மோடு வந்த கெப்புக்கு ரிம் செலவும் சேர்கிறது. உயரம் கூடியதால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 67 அளவில் ஓடிக்கொண்டிருக்கும். பாரத்தோடு பிரேக் பிடிக்கையில் அந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

உருவத்துக்கும் பலத்துக்கும் ஏன் இந்த முரண்? பாரத்தைச் சுமப்பது றப்பர் அல்ல, உள்ளே அடைத்த காற்று. கூடிய அழுத்தத்தைத் தாங்கும்படி உடல் கட்டப்பட்டிருந்தால் சிறிய டயரும் கூடச் சுமக்கும். சி எழுத்துள்ள எட்டு பிளை டயர்கள் 65 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்கின்றன. அதே டயருக்கு 35 மட்டும் அடித்துவிட்டு 1120 கிலோவை எதிர்பார்க்க முடியாது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. மடிப்பு சூடாகிறது, சூடு உள்ளிருக்கும் கம்பிப் பட்டிக்கும் றப்பருக்கும் இடையிலான பிணைப்பை அறுக்கிறது. 2000 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்ப அழைத்த விவகாரத்தில் இதுவும் பெரிய கேள்வியாக எழுந்தது. டயரில் உற்பத்திக் குறை இருந்தது. ஆனால் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிக்குப் பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ, பாரத்தோடும் வெயிலோடும் வேகத்தோடும் சேர்ந்தபோது மிச்ச இடமே விடவில்லை என்ற வாதமும் வலுவாக இருந்தது. அம்பாறைக் கரையோர வெயிலில் மூடையோடு ஓடும் கெப்புக்கு இது அந்நியக் கதையல்ல.

சரி, சுட்டெண் 121 உள்ள, 1450 கிலோ தாங்கும் டயரையே வாங்கிவிட்டால் கூட ஏற்றலாமா? கணக்குப் போடுவோம். மூடை 65 கிலோ என்று வைத்தால் முப்பது மூடை 1950 கிலோ. அதில் பெரும்பகுதி பின் அச்சில் விழும். வெறும் வண்டியில் பின் அச்சில் 700 கிலோ இருந்தால் மொத்தம் 2500 கிலோவைத் தாண்டும். பழைய டயர் இரண்டும் தாங்குவது 2240. புதிய டயர் 2900 வரை தாங்கும். ஆனால் ஸ்பிரிங் பிளேட்டும் அச்சும் பெயாரிங்கும் பிரேக்கும் ஒரு தொன் பாரத்துக்கென்று செய்தவை. டயர் போகாது, அவற்றில் ஒன்று போகும். ஈரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 14 சதவீத ஈரத்தில் 1000 கிலோ இருக்கும் நெல், வெட்டு மெசினிலிருந்து 22 சதவீதத்தோடு இறங்கும்போது 1100 கிலோ. மூடையை எண்ணி ஏற்றுபவர் இந்த 100 கிலோவைக் காண்பதில்லை.

வட்டைச் சேற்றிலும் கடற்கரை மணலிலும் அகன்ற டயர்தானே புதையாமல் போகும் என்பார்கள். உண்மைதான். வெறும் வண்டியோடு மணலில் ஓடுபவருக்கு அது நல்ல தெரிவு. ஆனால் மணலில் காற்றைக் குறைத்தால் சாதாரண டயரும் பரந்து மிதக்கும். பிரதான வீதிக்கு ஏறுமுன் திரும்ப அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். சின்னக் கம்பிரசர் ஒன்றின் விலை நாலு டயர், நாலு ரிம் விலையில் ஒரு துண்டுக்கு வராது. வருசக்கணக்காக இரண்டு தொன் ஏற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த வாதம். சூடு தின்னும் டயர் அன்றே வெடிப்பதில்லை. உள்ளே பிரிந்துபோய், வேறொரு நாள் அரைப் பாரத்தில் வெடிக்கும், பழி வீதிக் குழிக்குப் போகும். அந்தக் குழியிலும் நமக்குப் பங்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோயில் நடந்த வீதிச் சோதனையிலிருந்து பெற்ற விதிப்படி, அச்சுப் பாரம் இரு மடங்கானால் வீதிச் சேதம் பதினாறு மடங்கு அளவுக்கு ஏறும். அந்தக் கணக்குத் தார் வீதிக்கு. வட்டைக் கிறவல் இன்னும் இலகுவில் கரையும். ஒரு நடை மிச்சம் பிடித்த டீசல், அடுத்த போகம் அதே பாதையில் ஊர்ந்து போகும்போது செலவாகிவிடுகிறது.

அப்படியானால் எதை வாங்குவது? வண்டிப் பதிவில் உள்ள அளவிலேயே, சி எழுத்தோடு, சுட்டெண் ஒன்றிரண்டு படி கூடியது கிடைத்தால் அதுவே போதும். கூடிய எண் ஏற்றுவதற்கான அனுமதியல்ல, வெயிலுக்கும் குழிக்கும் வைக்கும் கையிருப்பு. வெறும் வண்டியில் அது கொஞ்சம் குலுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்திலுள்ள நாலு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் கிழடான டயருக்குப் புது விலை கொடுக்க வேண்டியதில்லை. முப்பது மூடைதான் வேண்டுமென்றால் இரண்டு நடை போகட்டும், அல்லது அயலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு லொறி பிடிக்கட்டும். கெப்பை லொறியாக்கும் டயர் எந்தக் கடையிலும் இல்லை.