கல்யாண மண்டபத்தில் குடித்தனம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகனுக்குச் சிதம்பரத்தில் வேலை. திருவந்திபுரத்திலிருந்து தினமும் போய்வர நூறு கிலோமீட்டர். மின்சாரக் கார் வாங்கப் போகிறான், சந்தோஷம். ஆனால் ஷோரூமில் அவன் கேட்ட முதல் கேள்வி, "ஒரே சார்ஜில் சென்னைக்குப் போய்த் திரும்பலாமா?" விற்பனையாளர் விடுவாரா? இருப்பதிலேயே பெரிய பேட்டரி வண்டியைக் காட்டிவிட்டார். ஏழு வருடக் கடன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"சென்னைக்கு வருஷத்துல எத்தனை தடவைடா போற?"

"மூணு தடவை, மாமா."

நம் ஊரில் முகூர்த்த நாளென்றால் கோயில் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வருவார்கள் என்று மண்டபம் பிடிக்கிறோம். அதற்காக மண்டபத்தையே விலைக்கு வாங்கி அதில் குடித்தனம் நடத்துகிறோமா? மூன்று நாள் பயணத்துக்காக வருடம் முழுக்கப் பெரிய பேட்டரிக்கு வட்டி கட்டுவது அந்தக் கதைதான்.

விளம்பரக் கணக்கையும் நம்பாதீர்கள். 2022-ல் வந்த டியாகோ இவியின் 24 யூனிட் பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்றார்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு நம் சாலையில் ஓட்டினால் இருநூறை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வேகமாகப் போனால் அதுவும் குறையும். வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 100-க்குப் போனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்படியே குறைந்தாலும் சிதம்பரம் போய்வர அது போதும். இரவில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் காலையில் தயார்.

ஷோரூமில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தினம் நூறு கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு அறுநூறு யூனிட்டுக்கு மேல் கூடும். வீட்டு மீட்டர் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும். அதையெல்லாம் சேர்த்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான் வருகிறது. பெட்ரோலில் ஐந்து ரூபாய்க்கு மேல். லாபம் உண்மை, ஆனால் அவர்கள் சொல்லும் அளவு இல்லை. பெரிய பேட்டரியில் மிச்சமாகும் பணத்தில் முதலில் வீட்டு எர்த்தைச் சரிபாருங்கள், மின்வாரியத்தில் லோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

"புயல் வந்தா என்ன பண்றது?" என்று தங்கை கேட்கிறாள். நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! அத்தனை நாளுக்கு எந்தப் பேட்டரியும் தாங்காதம்மா. துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதும் முழுக்க சார்ஜ் போட்டு, வண்டியை மேட்டில் நிறுத்த வேண்டியதுதான்.

சென்னைக்கா? திருப்பாதிரிப்புலியூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறு. குடும்பத்தோடு என்றால் வாடகைக் கார் எடு. காரில்தான் போவேன் என்றால் வழியில் சார்ஜ் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் நிதானமாகச் சாப்பிடு. எப்படியும் நீ திண்டிவனத்தில் நிறுத்தாமல் போனதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கட்டப் போகிறானாம். அவன் மனைவியையும் இதில் டேக் செய்திருக்கிறேன்.