கருஞ்சீரகக் குப்பியும் பிரியாணித் தட்டும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என நம் பகுதியின் பல இல்லங்களில் இன்று உணவோடு ஒரு குப்பியும் இடம்பெறுகிறது. கருஞ்சீரக எண்ணெய், மஞ்சள் சாற்று மாத்திரை, ஆவாரம்பூப் பொடி எனப் பெயர்கள் வேறாயினும் நம்பிக்கை ஒன்றே: எதை உண்டாலும் இது காத்துவிடும். அந்த நம்பிக்கை சரிதானா?

காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது உடலின் தற்காப்பு, அதுவே அழற்சி. ஆனால் மிதமிஞ்சிய உணவால் வயிற்றில் கொழுப்பு சேரும்போது, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. அது இன்சுலினின் பணியைத் தடுக்கிறது. இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது.

தாவரங்களின் ஆற்றலை நம் ஊர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குரோம் உப்பு வருமுன் நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோலைப் பதனிட்டனர். அவற்றின் துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது அழுகாமல் காத்தது. ஆனால் அந்தத் தோல் தொட்டியில் நாள்கணக்கில் சாற்றிலேயே ஊறியது. நாம் விழுங்கும் சாறு அவ்வாறு உடலின் உள்ளுறுப்புகளில் ஊறுவதில்லை. பலவற்றைக் குடல் சிறிதளவே உறிஞ்சுகிறது. அதையும் கல்லீரல் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

மஞ்சளின் குர்குமின் இதற்குச் சான்று. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் அது அழற்சியை நன்கு தணிக்கிறது. ஆனால் 1998இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினைத் தனியே உட்கொண்டவர்களின் இரத்தத்தில் அது மிகச் சொற்பமாகவே தென்பட்டது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தபோது உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கானது. அதிகம் சேர்ந்தால் நல்லதுதானே என்று எண்ணிவிட வேண்டாம். 2019இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சியே ஏற்பட்டது. சமையலில் சேர்க்கும் மஞ்சள் வேறு. செறிவூட்டிய சாறு வேறு.

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி புகாரியில் உள்ளது. அதை நாம் மனதார ஏற்கிறோம். ஆனால் அது எல்லா நோய்க்கும் தனி மருந்தாகும் என்ற பொருளில் சொல்லப்படவில்லை என்று முற்கால விரிவுரையாளர் சிலர் விளக்கியுள்ளனர். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று அளவு வகுத்துத் தந்ததும் அவர்களே. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் கட்டளை. கருஞ்சீரகத்தைப் பற்றிய சுன்னத்தை எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பற்றிய சுன்னத்தை விட்டுவிடுவது எவ்வகையில் நியாயம்?

பிரியாணியை விட்டுவிடச் சொல்லவில்லை. சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்க் குழம்பும் வெங்காயப் பச்சடியும் நம் மண்ணின் அடையாளம். ஆனால் இரண்டாம் தட்டும், அதன்மேல் இனிப்பும் குளிர்பானமும் நம் மரபல்ல. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டலாம். வலீமா விருந்தில் இனிப்பை ஒன்றோடு நிறுத்த ஜமாஅத்துகள் முன்வரலாம். இரவு உணவுக்குப்பின் குடும்பத்தோடு சற்று நடக்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று உண்டு. கருஞ்சீரகத்தை நம்பி, மருத்துவர் தந்த சர்க்கரை மாத்திரையை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சாறோ பொடியோ உட்கொள்வதாயின் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில சாறுகள் மருந்தோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தலாம். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் பொறுப்பைக் குப்பியிடம் விட்டுவிட முடியாது.

அளவோடு உண்டு நலமோடு வாழும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.