சம்பாப் பயிரும் துப்பாக்கி வீரரும்

காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்குப் பயிர்களின் காலக்கணக்கைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவை நான்கு மாதத்திற்குள் களத்துமேட்டுக்கு வந்துவிடும். சம்பாவோ ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கி நின்று, தை பிறக்கும் வேளையில்தான் கதிர் சாயும். குறுவை அறுக்கும் நாளில் சம்பா வயலைப் பார்த்து, ‘இது விளையாத பயிர்’ என்று ஏரோட்டி அழிக்கும் உழவர் மன்னார்குடி வட்டாரத்தில் ஒருவரும் இலர்.

ஆனால், மனிதப் பயிரில் மட்டும் நாம் இந்த நியாயத்தைக் கைக்கொள்வதில்லை. இருபது வயதுக்குள் கோப்பையோடு வீடு திரும்பாத இளைஞனின் விளையாட்டுக் கணக்கை முடித்துவிடுகிறோம். பெண் பிள்ளையாயின் பத்தாம் வகுப்போடு அந்தக் கணக்கு முடிகிறது. “இதனால் ஆன பயன் என்ன?” என்னும் ஒரே வினாவில் திறமைகள் பல முளையிலேயே கருகிவிடுகின்றன. இந்த அவசரம் தவறானது என்பதே நம் கருத்து. அதற்குச் சான்றாக, நம் வட்டாரத்தில் பலரும் அறிந்திராத ஒரு விளையாட்டையும், அதில் நெடுங்காலம் நின்று வென்றோரையும் இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

பறக்கும் தட்டு

‘ஸ்கீட்’ என்பது துப்பாக்கி சுடுதலில் ஒரு பிரிவு. அரைவட்டமாக அமைந்த களத்தின் இரு முனைகளிலும் இரு கூண்டுகள் இருக்கும். ஒன்று உயரமானது, மற்றொன்று தாழ்வானது. அவற்றிலிருந்து பதினொரு சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டுகள் வானில் பாய்ந்து வரும். சில வேளை ஒன்று. சில வேளை இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிராக. வீரர் எட்டு நிலைகளில் மாறி மாறி நின்று சுட வேண்டும். தட்டு கண்ணில் படும் வரை துப்பாக்கியைத் தோளில் ஏற்றலாகாது. இடுப்பளவிலேயே பிடித்திருக்க வேண்டும். வீரர் குரல் கொடுத்தவுடன் தட்டு வரலாம். மூன்று நொடி கழித்தும் வரலாம். தகுதிச் சுற்றில் இவ்வாறு 125 தட்டுகள். ஒன்று தவறினாலும் இடம் பறிபோகும் ஆட்டம் இது.

1920ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பறவை வேட்டைக்குச் செல்வோரின் பயிற்சிக்காகத் தோன்றியது இது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. வேட்டையில் பிறந்த விளையாட்டு, உயிரை விட்டுத் தட்டைப் பற்றிக்கொண்டது நம் சிந்தனைக்குரியது. 1900 பாரிஸ் போட்டிகளின்போது உயிருள்ள புறாக்களைச் சுட்டு வீழ்த்தியதும் உண்டு. அந்தக் கொடுமை பின்னர் ஒலிம்பிக்கிலிருந்து ஒழிந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்பெய்தலை ஊக்குவித்தார்கள். அதே வேளையில் உயிருள்ள பிராணியைக் குறிப்பொருளாக வைத்து எய்வதைத் தடுத்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் நமக்கு அறிவிக்கின்றன. திறனுக்கு ஊக்கம், கொடுமைக்குத் தடை என்னும் அந்த நெறிக்கு இந்தத் தட்டு விளையாட்டு முரணானதன்று. நம் அண்டையிலுள்ள வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கு வந்திறங்கும் பறவைகளுக்கு அடைக்கலம் தரும் மண்ணில், குறிபார்க்கும் ஆற்றலை வளர்ப்பதில் பிழையொன்றும் இல்லை.

குர்ஜாவின் வீரர்

உத்தரப் பிரதேசத்தில் பீங்கான், மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் குர்ஜா. அவ்வூரைச் சேர்ந்தவர் மெய்ராஜ் அகமத் கான். 1975ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் கிரிக்கெட் ஆடியவர். பின்னர் துப்பாக்கிக்கு வந்தவர். 2015ஆம் ஆண்டு இத்தாலியின் லொனாட்டோ நகரில் நடந்த உலகப் போட்டியின் வாயிலாக ஒலிம்பிக் தகுதி பெற்றார். ஸ்கீட் பிரிவில் அத்தகுதியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அப்பொழுது அவருக்கு வயது 39. நம் ஊர் வழக்கப்படி, மகனுக்குப் பெண் பார்க்கும் நாளை எண்ணத் தொடங்கும் பருவம்!

2016 ரியோ ஒலிம்பிக்கில் 125 தட்டுகளில் 121 தட்டுகளை உடைத்தார். சமநிலை முறிக்கும் சுற்றில் பின்தங்கி ஒன்பதாம் இடத்தோடு வெளியேறினார். இத்தகைய ஒருவர் நம் தெருவில் இருந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? “நாற்பது வயதாயிற்று, இனி வேறு வேலை பார்க்கலாம்” என்றே சொல்லியிருப்போம். அவர் பார்த்த வேறு வேலை, மீண்டும் களத்துக்குச் சென்றது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். அங்கும் பதக்கம் இல்லை. அதற்கு மறு ஆண்டு, 2022 ஜூலையில், தென்கொரியாவின் சாங்வோன் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 40 தட்டுகளில் 37ஐ வீழ்த்தித் தங்கம் வென்றார். உலகக் கோப்பை ஆடவர் ஸ்கீட்டில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தனிநபர் தங்கம் அதுவே. வயது 46.

அவர் தம் போட்டி வாழ்வைத் திரும்பிப் பார்த்தால் அதில் வெற்றி நாள்கள் சில. காத்திருந்த நாள்கள் பல. அந்தச் சில நாள்களை விளைவித்தவை அந்தப் பல நாள்களே. பின்னதை வீண் என்று சொல்வோர்க்கு முன்னதைக் கொண்டாடும் தகுதி இல்லை என்போம்.

குவைத்தின் முதியவர்

குவைத் என்றால் கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் பிழைப்புக்குச் செல்லும் நாடுகளுள் ஒன்று என்றே அறிவோம். அந்நாட்டு அப்துல்லா அல்-ரஷீதி 1995, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் ஸ்கீட் உலகச் சாம்பியனாக விளங்கியவர். ஆயினும் 1996 முதல் ஐந்து ஒலிம்பிக்குகளில் வெறுங்கையோடு திரும்பினார். 2016இல் அவர் நாட்டின் ஒலிம்பிக் குழு இடைநீக்கம் செய்யப்பட்டிருந்ததால், தம் நாட்டுக் கொடிகூட இன்றித் தனி வீரராக நின்று, 52ஆம் வயதில் வெண்கலம் பெற்றார். டோக்கியோவில் 57ஆம் வயதில் மீண்டும் வெண்கலம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 60ஆம் வயதில், இறுதிச் சுற்றின் 60 தட்டுகளில் ஒன்றையும் தவறவிடாமல் தங்கம் வென்றார். அன்று வெள்ளி வென்றவர் நம் நாட்டின் இளைஞர் அனந்த்ஜீத் சிங் நரூகா. முதியவரும் இளைஞரும் ஒரே மேடையில் நின்ற அந்தக் காட்சி, வயதைக் காரணம் காட்டிக் கதவடைக்கும் நமக்கெல்லாம் ஒரு பாடம்.

மாணவியர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட், ஆண் பெண் இருபாலர்க்கும் பொதுவான போட்டியாக இருந்தது. அதில் ஆடவர் அனைவரையும் விஞ்சித் தங்கம் வென்றவர் சீனப் பெண்மணி ஜாங் ஷான். ஆனால் 1996 அட்லாண்டாவில் ஸ்கீட்டில் பெண்களுக்கு இடமே அளிக்கப்படவில்லை. 2000 சிட்னியில்தான் மகளிர்க்கெனத் தனிப் பிரிவு வந்தது. வென்றவரே தம் பட்டத்தைக் காக்கக் களம் இல்லாமற்போன கதை இது. பெண்ணுக்குத் திறன் குறைவு என்பது பொய். கதவு குறைவு என்பதே மெய்.

செல்வர் விளையாட்டா?

“இஃது அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய ஆட்டமன்றோ?” என்று வினவலாம். வினாவில் நியாயம் உண்டு. ஐந்து ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற கர்ணி சிங் பிகானேர் மன்னர் குடும்பத்தவர். தட்டு சுடுதலின் மற்றொரு பிரிவான ‘டிராப்’பில் 2023 ஆசிய விளையாட்டின் குழுத் தங்கத்தில் பங்குபெற்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடிய பிரித்விராஜ் தொண்டைமான், நம் அண்டையிலுள்ள புதுக்கோட்டை அரச மரபினர். துப்பாக்கிக்கு விலை உண்டு, உரிமம் வேண்டும், பயிற்சியில் வெடிக்கும் ஒவ்வொரு தோட்டாவும் காசு. மூன்று மா நிலத்தில் சாகுபடி செய்பவரின் மகன் இதை எட்டுவது அரிது. இதை மறைத்து, ‘முயன்றால் முடியாதது இல்லை’ என்று மேடையில் முழங்குவது மாணவரை ஏமாற்றுவதாகும்.

ஆகவே மாணவர் அனைவரும் ஸ்கீட் வீரராக வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்த விளையாட்டு கற்பிக்கும் பொறுமைக்கு இடம் தாருங்கள் என்றே கேட்கிறோம். அதற்கு அரச செல்வம் தேவையில்லை. தேசிய மாணவர் படையில் சேரும் மாணவர்க்குத் துப்பாக்கி பயிலும் வாய்ப்பு இருக்கிறது. காற்றுத் துப்பாக்கிப் போட்டிக்குரிய தொலைவு பத்து மீட்டரே. அதற்கு ஒரு கூடமும் தகுதிவாய்ந்த பயிற்றுநரும் போதும். அதுவும் இயலாதெனில் ஓட்டமும் கபடியும் இறகுப்பந்தும் இருக்கவே இருக்கின்றன.

சமுதாயப் பெரியோர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, கல்வி உதவித்தொகைக்கு அறக்கட்டளை நிறுவும் நல்லுள்ளங்கள், அதில் ஒரு பங்கை விளையாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். இரண்டாவது, கல்லூரித் திடல்கள் மாலை வேளையில் பழைய மாணவர்க்கும் திறந்திருக்க வேண்டும். வெளிநாடு சென்று முப்பத்தைந்து வயதில் திரும்பும் இளைஞனுக்கும் ஆட ஓர் இடம் வேண்டும். மூன்றாவது, மாணவியர்க்கு உரிய ஒழுங்கோடும் பாதுகாப்போடும் தனி நேரமும் தனி இடமும் அளித்து, அவர்தம் ஆட்டம் பள்ளியோடு முடிந்துவிடாமல் காக்க வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஸ்கீட் கலப்பு இணைப் போட்டியில், நம் மகேஷ்வரி சவுகானும் அனந்த்ஜீத் சிங் நரூகாவும் 43 தட்டுகளை உடைத்தனர். சீன இணை 44 உடைத்தது. ஒரே ஒரு தட்டில் வெண்கலம் கைநழுவிற்று. அந்த ஒரு தட்டைக் கொண்டு அவர்களைத் தோற்றவர் என்போமா, உடைத்த நாற்பத்து மூன்றையும் எண்ணி வாழ்த்துவோமா? நம் பிள்ளைகளையும் நாம் எவ்வாறு எண்ணப்போகிறோம் என்பது அந்த விடையில் அடங்கியிருக்கிறது. சம்பா விளையும் மண் இது. காத்திருக்கத் தெரிந்த மக்கள் நாம். அந்தப் பொறுமையை வயலோடு நிறுத்திவிடாமல் வீட்டுக்கும் கொண்டுவருவோம். வல்ல இறைவன் அதற்குத் துணைபுரிவானாக!