பால்கோவாவுக்கு உண்டு, பிளேட்டுக்கு இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கடை, என்றைக்குச் செய்தது, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும், லைசென்ஸ் நம்பர் என்ன, எல்லாம் இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வேறு வாங்கியாகிவிட்டது. ரெண்டு நாளில் தீர்ந்துபோகிற இனிப்புக்கு இத்தனை ஜாதகம்!

அங்கிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் ராஜபாளையம். பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. காயத்தின் மேல் சுற்றி, மறுநாள் குப்பையில் போடுகிற துணி. அதற்கும் இழைக்கணக்கு உண்டு, பார்சலில் விலாசம் உண்டு.

இதே திருமங்கலம் - கொல்லம் சாலையில் பைக் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்ட ஒருவரிடம் இப்போது கேளுங்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று. "பிளேட் வச்சிருக்காங்க சார், எட்டு ஸ்குரூ" என்பார். எந்தக் கம்பெனி? என்ன உலோகம்? "ஏதோ டைட்டானியம்னு சொன்னாங்க." டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பிளேட் பொருத்தப்பட்டது' என்று ஒரு வரி. பில்லில் 'இம்ப்ளான்ட்' என்று ஒரு வரி, எதிரே ஒரு பெரிய தொகை. அவ்வளவுதான். ஆயுசுக்கும் உடம்புக்குள் இருக்கப்போகிற சாமானுக்கு ஜாதகமே கிடையாது.

அது எதற்கு நமக்கு என்கிறீர்களா?

எலும்பை ஒட்டவைப்பது பிளேட் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எலும்பு தானாகத்தான் ஒட்டுகிறது. அதுவரை பிடித்துக்கொள்வதுதான் பிளேட்டுக்கும் ஸ்குரூவுக்கும் வேலை. 1958-ல் சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூடிய எலும்பு டாக்டர்கள் இதற்கு விதிகள் வகுத்தார்கள். உடைந்ததைப் பழைய இடத்தில் பொருத்து. உறுதியாகப் பிடி. ரத்த ஓட்டத்தைக் கெடுக்காதே. மூட்டைச் சீக்கிரம் அசையவிடு. ரெண்டாக முறிந்த எலும்பென்றால் இறுக்கிச் சேர்ப்பார்கள். நொறுங்கிப் போயிருந்தால் துண்டுகளை நோண்டாமல், பாலம் மாதிரி பிளேட்டை வைத்து மேலும் கீழும் மட்டும் பிடிப்பார்கள்.

ஆக, இது ஒரு ஓட்டப்பந்தயம். எலும்பு ஒட்டும்வரை பிளேட் தாக்குப்பிடிக்க வேண்டும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியுமே, அதே கதை. எலும்பு சேரவில்லை என்றால் எவ்வளவு உசத்தியான பிளேட்டும் ஒருநாள் உடையலாம்.

உடைந்தால்? உலோகம் மட்டமா, வைத்த விதம் சரியில்லையா, சொன்ன பேச்சைக் கேட்காமல் காலை ஊன்றினாரா? கம்பெனியும் பேட்ச் நம்பரும் கையில் இருந்தால் விசாரிக்கலாம். இல்லையென்றால் பழி யார் மேல் விழும்? கட்டிலில் படுத்திருப்பவர் மேல்தான்.

கழற்றுவதிலும் தொல்லை. (பெரியவர்களுக்கு வலி, உறுத்தல் இல்லையென்றால் பெரும்பாலும் கழற்ற வேண்டியதே இல்லை. 'இரும்பு உள்ளே இருக்கக் கூடாது' என்று டாக்டரை நச்சரிக்காதீர்கள்.) ஒரு கம்பெனி ஸ்குரூவின் தலையில் குழி அறுகோணமாக இருக்கும், இன்னொன்றில் நட்சத்திரம் மாதிரி. ராஜபாளையத்தில் போட்டதை மதுரையில் கழற்றப்போனால், எந்த ஸ்குரூடிரைவர் பொருந்தும் என்று தெரியாமல் அந்த டாக்டர் முழிக்க வேண்டும். குழி மழுங்கிப்போனால் ஸ்குரூவின் தலையையே துளைத்து எடுக்க வேண்டியிருக்கும். ஒரு துண்டுச் சீட்டு இல்லாததால் வந்த வினை.

பிளேட்டை விடுங்கள், செயற்கை இடுப்பு மூட்டின் கதையைக் கேளுங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டெபுய் கம்பெனி, ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்கள் நடந்திருந்தன. மத்திய அரசு அமைத்த குழு 2018-ல் அறிக்கை கொடுத்தபோது, சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கோளாறான மூட்டு தன் உடம்பில் இருப்பது தெரியாமலே எத்தனை பேர் நடந்துகொண்டிருந்தார்களோ!

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, தயாரித்தவர் பெயர், விலாசம், பேட்ச் நம்பர் எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். அந்த லேபிள் ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை வந்துவிடுகிறது. உங்கள் ஃபைலுக்குத்தான் வருவதில்லை.

"ஸ்குரூவெல்லாம் ட்ரேயில் மொத்தமாக வருது சார், எதோட லேபிளை ஒட்டுறது?" என்று கேட்பார்கள். பேட்ச் நம்பரைப் பேனாவால் எழுத ஒரு நிமிஷம் ஆகுமா? இன்சூரன்ஸ் பணம் வாங்க வேண்டும் என்றால் மட்டும் ஸ்டிக்கரைத் தேடிப்பிடித்து ஒட்டி அனுப்புகிறார்களே, அது எப்படி முடிகிறது?

எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது பிளேட் வைத்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். கம்பெனி, உலோகம், பேட்ச் நம்பர், எத்தனை ஸ்குரூ, எழுதிக் கொடுங்கள் என்று. முதலமைச்சர் காப்பீட்டில் நடந்த ஆபரேஷன் என்றாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். வாங்கியதும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு எப்படியும் பீரோவில் தொலைந்துபோகும்.