கையொப்பம் வைத்தால் பயிற்சி முடிந்ததா?

நேற்றும் ஒரு செயலமர்வு. காலை எட்டரைக்குக் கையொப்பம். ஒரு ஃபைல், ஒரு பேனை, தேநீரும் பட்டிஸும், 86 ஸ்லைட், பகல் சோற்றுப் பார்சல், பெனருக்கு முன்னால் போட்டோ.

வளவாளரைக் குறை சொல்லவில்லை. நன்றாகத்தான் பேசினார். "மாணவர் மையக் கற்பித்தல்" பற்றி, எங்களில் ஒருவரையும் வாய் திறக்க விடாமல், ஐந்து மணித்தியாலம் பேசினார்.

இன்று காலை வகுப்பில் அந்த 86இல் ஒன்றாவது கைகொடுத்ததா? இல்லை.

சென்ற தவணை நடந்ததைச் சொல்கிறேன். தரம் மூன்றில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் 35 என்று எழுதினார்கள். 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு வழி காட்டியது பக்கத்து வகுப்பு டீச்சர். ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்தால் இரண்டு பன்னிரண்டாவதைக் காட்டினார். அடுத்த நாள் நான் படிப்பித்ததைப் பின்னால் நின்று பார்த்தார். "நீங்க அவுக்காதீங்க சேர், புள்ளய அவுக்க உடுங்க" என்றார். பயிற்சி என்றால் அதுதான்.

1959இல் டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர் பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. நாங்கள் முதலாம் படியில் படிவம் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். பிள்ளை நான்காம் படியில் காத்திருக்கிறது.

"ஆசிரியர்கள் மாறமாட்டார்கள்" என்பார்கள். பின்வரிசையில் ஃபோன் பார்ப்பவர்கள் எங்களிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் செய்து பார்க்கவும் விடாமல், செய்கிறோமா என்று பார்க்கவும் வராமல், மாறவில்லை என்று எப்படித் தெரியும்?

"காசில்லை" என்பார்கள். பெனரும் பார்சலும் சும்மாவா வந்தன?

செயலமர்வுகளைப் பாதியாகக் குறையுங்கள். தலைப்பைத் தீர்மானிக்க முன் எங்கள் பிள்ளைகளின் கொப்பிகளைப் பாருங்கள். அங்கேயே ஒரு பாடத்தை நடத்திப் பார்க்க விடுங்கள். மூன்று கிழமை கழித்து ஆசிரிய ஆலோசகர் வகுப்புக்கு வரட்டும். பாடக்குறிப்பில் பிழை தேட அல்ல, பக்கத்தில் நின்று உதவ.

அடுத்த செயலமர்வுக்கும் கடிதம் வந்துவிட்டது. போவேன், கையொப்பமும் வைப்பேன். ஆனால் இந்த முறை 35 என்று எழுதிய கொப்பிகளில் ஐந்தைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளின் கொப்பிகளைக் கொண்டு வாங்க.