வெயில் ஒன்றல்ல, இரண்டு

ஏப்ரல் 24-ஆம் தேதி வாக்கில் நண்பகலில் பெங்களூரில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. சூரியன் நேர் உச்சியில் இருக்கும். ஆகஸ்ட் 18 வாக்கில் அதே நிலைக்கு மறுபடியும் வரும். ஏப்ரலில் குடை தேடுகிற ஊர், ஆகஸ்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும். சாரல், குளிர்காற்று. வெயிலே இல்லை என்று நினைப்பு.

வெறும் நினைப்புதான். தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் சூடாக உறைக்காது, வெப்பமானியிலும் தெரியாது. மெல்லிய மேகத்தை ஊடுருவி அதன் பெரும்பகுதி தரைக்கு வந்துவிடும். போதாததற்கு நகரம் இருப்பது சுமார் 900 மீட்டர் உயரத்தில். 1,000 மீட்டர் ஏறினால் இந்தக் கதிரின் வீரியம் சுமார் 10 சதவீதம் கூடும். சென்னைப் புழுக்கத்துக்குப் பயந்து இங்கே வந்தவர்கள் தப்பித்தது வெப்பத்திலிருந்து மட்டுமே. அதுவும் இப்போது நிச்சயமில்லை: 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது.

கதிரும் வெப்பமும் சேர்ந்து தாக்கினால்?

கதிர் மட்டும் பட்டால் நடப்பது தெரிந்த கதை. தோல் செல்லின் டி.என்.ஏ.வில் தைமின் என்ற எழுத்து அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் இரண்டையும் அது ஒட்டவைத்துவிடுகிறது. உடனே பி-53 என்ற புரதம் கண்டிப்பான மேஸ்திரி மாதிரி வேலையை நிறுத்தி, பழுதான துண்டை வெட்டியெடுத்துச் சரிசெய்ய அவகாசம் வாங்கித் தருகிறது. பழுது கைமீறினால் செல்லையே தற்கொலை செய்துகொள்ள வைக்கிறது. கெட்ட செல் பிழைத்துப் பெருகுவதைவிட ஒழிவது உடம்புக்கு நல்லது. பி-53 இல்லாத எலிகளின் தோலில் இந்தச் சாவு குறைகிறது என்பதை 1994-இல் யேல் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிராஷ் குழு காட்டியது.

வெப்பம் இந்த மேஸ்திரியின் கையைக் கட்டிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் எடித் கோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதத் தோல் செல்கள் மீது நாளுக்கு ஒரு முறை, நான்கு நாள், புற ஊதா-பி கதிரைப் பாய்ச்சி 39 டிகிரி சூட்டிலும் வைத்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. கதிர் மட்டும் பட்ட செல்கள் செத்தன. சூடும் சேர்ந்தபோது சாவு குறைந்தது. பழுதைச் சுமந்துகொண்டே செல்கள் பிழைத்தன. சர்ட்-1 என்ற இன்னொரு புரதம் பெருகி, பி-53 வேலை செய்யத் தேவையான வேதிக்குறியைக் கழற்றிவிடுவதுதான் காரணம். சர்ட்-1-ஐத் தடுத்தபோது தற்கொலை திரும்பியது.

காற்றின் சூடு வேறு, தோலின் சூடு வேறு. சாதாரணமாக 33 டிகிரி அளவில் இருக்கும் தோல் 39-ஐத் தாண்ட, நேர்வெயிலில் நின்றாலே போதும்.

தோலுக்கும் வெப்பத்துக்கும் உள்ள பகை இந்திய மருத்துவத்துக்குப் புதிதல்ல. காஷ்மீரிகள் குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கனல் சட்டி, தொடையிலும் வயிற்றிலும் புற்றுநோய் உண்டாக்குவதை ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையின் நீவ் 1923-இலேயே எழுதினார். அங்கே வெயில் படாத இடத்தில் சூடு மட்டுமே வேலை செய்தது.

அதற்காக பெங்களூர்க்காரர்கள் பீதியடைய வேண்டியதில்லை. மாநிறத்தையும் கறுப்பையும் தரும் மெலனின் நல்ல குடை. ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடங்களிலும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு உடம்பு முழுவதும் அந்தக் குடை கிடையாது. கண்ணுக்கோ யாருக்குமே கிடையாது: கண்புரைக்குப் புற ஊதாக் கதிரும் ஒரு காரணம்.

வெயிலைத் தவிர்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். சென்ட்ரிங் பலகை மேல் நிற்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளி, சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர். இவர்களுக்குக் களிம்பு விளம்பரத்தால் பயனில்லை. வேண்டியது முழுக்கை சட்டை, அகன்ற தொப்பி, தோலைக் குளிர்விக்க நிழல், நேர மாற்றம். கேரளத்தில் கோடையில் தொழிலாளர் துறை 12 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலையை நிறுத்தச் சொல்கிறது. அந்த மாநிலப் பேரிடர் ஆணையம் புற ஊதாக் குறியீட்டையும் அறிவிக்கிறது. 2025 மார்ச்சில் சில இடங்களில் அது 11-ஐத் தொட்டது. ஆகஸ்ட் சாரலில் ஸ்வெட்டரோடு வெளியே கிளம்புகிறவர் பார்க்க வேண்டிய எண்ணும் அதுதான்.