கூரை தரும் மின்சாரம்: கணக்கும் கட்டுப்பாடும்



மின்கணக்கெடுக்கும் ஊழியர் வந்து சென்ற நாளன்று நம் நடுத்தர இல்லங்களில் ஒரு சிறு விசாரணை நடைபெறுவதுண்டு. மாடி விளக்கை அணைக்காமல் உறங்கியவர் யார், தண்ணீர் மோட்டாரை மறந்துவிட்டவர் யார், ஆளில்லா அறையில் மின்விசிறி சுழன்றது எவரால் என்றெல்லாம் குடும்பத் தலைவர் வினவுவார். பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவர். இறுதியில், 'இனிக் கவனமாக இருப்போம்' என்னும் தீர்மானத்தோடு கூட்டம் கலையும்.

அண்மைக் காலமாக இவ்விசாரணை சில இல்லங்களில் நின்றுபோயிருக்கிறது. மொட்டை மாடியில் நீலமும் கருமையும் கலந்த தகடுகள் சாய்ந்து நிற்கின்றன; கட்டணம் ஆயிரங்களிலிருந்து நூறுகளுக்கு இறங்கிவிட்டது. இதைக் காணும் அயலார், 'நாமும் அமைக்கலாமா? உண்மையிலேயே மிச்சமாகுமா?' என்று நம்மிடம் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. விடை கூரையில் பாதி இருக்கிறது. மறுபாதி கூரைக்குக் கீழே வாழ்வோரின் பழக்கத்தில் இருக்கிறது.

முதலில் கூரையைப் பார்ப்போம். ஒளி பட்டால் சில பொருள்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டிலேயே எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். எனினும், பயன்படத்தக்க சிலிக்கான் மின்கலம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-இல்தான் உருவாயிற்று. அது தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஆறு பங்கையே மின்சாரமாக்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல தகடுகள் நூற்றில் இருபது பங்குக்கு மேல் ஆக்குகின்றன.

நம் பகுதிகளில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகளை அமைக்க நிழல் விழாத ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். அவை ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். மழைக்காலத்தில் இது குறையும். தெளிந்த வானமுள்ள நாள்களில் கூடும். கடும் வெயில் அடித்தால் மிகுதியாக விளையும் என்று பலர் எண்ணுகின்றனர். தகட்டிற்கு வேண்டியது ஒளி, வெப்பமன்று. சூடேறச் சூடேற அதன் திறன் சற்றுக் குறையவே செய்யும்.

பகலில் விளையும் மின்சாரத்தை வீடு முதலில் பயன்படுத்திக்கொள்கிறது. மிஞ்சியது மின்வாரியத்தின் கம்பிக்குள் செல்கிறது. இரவில் வீட்டிற்கு வேண்டியது அதே கம்பி வழியாகத் திரும்பி வருகிறது. போனதையும் வந்ததையும் தனித்தனியே பதிவு செய்ய இருவழி மீட்டர் ஒன்று பொருத்தப்படும். வந்ததில் போனதைக் கழித்து எஞ்சுவதற்கே கட்டணம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். தமிழகத்தில் 2024 ஜூலையில் அமைந்த வீட்டுக் கட்டண வீதம், இரு திங்கள் பயன்பாட்டைப் படிப்படியாகப் பிரித்தது. முதல் 100 யூனிட்டுகள் இலவசம். அதன்பின் 400 வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. 500 வரை 6 ரூபாய் 45 காசு. 600 வரை 8 ரூபாய் 55 காசு. 800 வரை 9 ரூபாய் 65 காசு. 1,000 வரை 10 ரூபாய் 70 காசு. மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டாதவர்களுக்குக் கீழ்ப்படிகளில் அரசின் மானியமும் உண்டு.

இரு திங்களில் 700 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வீதப்படி அவர்கள் செலுத்த வேண்டியது 3,905 ரூபாய். அவர்கள் ஒரு கிலோவாட் தகடு அமைத்தால், இரு திங்களில் 240 யூனிட் குறையும். கட்டணத்தில் ஏறத்தாழ 2,300 ரூபாய் மிச்சமாகும். இரண்டாவது கிலோவாட்டும் அமைத்தால் மேலும் ஏறத்தாழ 1,200 ரூபாய் மிச்சம். மூன்றாவதையும் சேர்த்தாலோ, மிச்சம் 300 ரூபாய் அளவே. மின்வாரியம் விதிக்கும் பிற கட்டணங்களை இதில் நாம் சேர்க்கவில்லை.

மூன்று கிலோவாட்டும் ஒரே அளவு மின்சாரத்தைத்தான் தருகின்றன. அவ்வாறிருக்க, மிச்சம் ஏன் இவ்வாறு சுருங்குகிறது? முதல் தகடு விலையுயர்ந்த மேற்படி யூனிட்டுகளை வெட்டுகிறது. கடைசித் தகடு மலிவான கீழ்ப்படி யூனிட்டுகளையே வெட்டுகிறது. எனவே, 'கூரையில் இடமிருக்கிறதே, நிரப்பிவிடுங்கள்' என்று விற்பனையாளர் கூறும்போது, சென்ற ஓராண்டின் மின்கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உரையாடுவதே அறிவுடைமை.

இக்கணக்கின் மறுபக்கம் ஒன்றுண்டு. இரு திங்களில் 200 யூனிட்டே செலவழிக்கும் சிறு குடும்பம் 2024-ஆம் ஆண்டு வீதப்படி செலுத்தியது 235 ரூபாய். ஆண்டிற்கு 1,410 ரூபாய். மானியம் போகக் கைப்பணம் 40,000 ரூபாயே செலவாகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது திரும்பி வர 28 ஆண்டுகள் ஆகும். தகட்டிற்குக் கூறப்படும் ஆயுளோ 25 ஆண்டுகள். இன்வெர்ட்டரை அதற்கு முன்பே மாற்ற நேரும். இத்தகைய குடும்பம் அண்டை வீட்டைப் பார்த்துக் கடன் வாங்கித் தகடு அமைப்பது, மழை பெய்யும் ஊரில் தண்ணீர் விலைக்கு வாங்குவது போன்றதாகும்.

மானியத்தைப் பற்றியும் கூறிவிடுகிறோம். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் இரண்டு கிலோவாட்டுகளுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக உச்ச அளவாக 78,000 ரூபாயும் மானியமாக அதில் வகுக்கப்பட்டன. மானியமும் மூன்றாவது கிலோவாட்டில் இறங்குவதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மேலே நாம் கூறிய 700 யூனிட் குடும்பம், மானியம் போக 80,000 ரூபாய் செலவில் இரண்டு கிலோவாட் அமைத்ததாகக் கொண்டால், நான்காண்டுகளில் முதல் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் ஆதாயமே.

'ஆதாயமே' என்று எழுதினோம். அந்தச் சொல்லில்தான் இல்லத்தின் பழக்கம் குறுக்கிடுகிறது.

நாமறிந்த ஓர் இல்லத்தில் முதியோர் இருவர் மட்டும் வாழ்கின்றனர். மக்கள் வெளியூரில் இருக்கின்றனர். கட்டணத்திற்கு அஞ்சி, சித்திரை வெயிலிலும் நண்பகலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் விசிறி மட்டையோடு அமர்ந்திருந்தனர். மகன் தகடு அமைத்துக் கொடுத்தபின், அம்மூதாட்டி பகல் முழுவதும் விசிறியின் கீழ் அச்சமின்றிப் படுத்திருக்கிறார். அவ்வீட்டில் மின்சாரச் செலவு கூடியிருக்கிறது. அதை வீண் என்று நாம் கூறமாட்டோம். வறுமையின் அச்சத்தால் அடக்கிவைத்த தேவை நிறைவேறுவது வீணாகாது.

மற்றோர் இல்லத்தின் கதை வேறு. 'மின்சாரம் இனி இலவசம்' என்னும் எண்ணம் முதல் திங்களிலேயே அங்குக் குடியேறிவிட்டது. படுக்கையறைக்குக் குளிர்சாதனம் வந்தது. ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒரு மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை கொள்ளும். எட்டு மணி நேரம் ஓடினால் இரவொன்றுக்குப் பத்து யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கிலோவாட் தகடுகள் பகல் முழுவதும் உழைத்துத் தருவதோ எட்டு யூனிட்! ஒரே ஓர் அறையின் குளிர்ச்சி, முழுக் கூரையின் விளைச்சலையும் உண்டுவிட்டு மேலும் கேட்கிறது.

இதையும் கணக்கில் எழுதிப் பார்ப்போம். 700-இல் 480 கழிய, எஞ்சியது 220 யூனிட். குளிர்சாதனத்தால் இரு திங்களுக்கு 600 யூனிட் கூடினால் 820 ஆகிறது. கட்டணம் 5,084 ரூபாய். தகடு இல்லாத காலத்தில் கட்டியதோ 3,905 ரூபாய். தகட்டிற்கும் பணம் போயிற்று, கட்டணமும் உயர்ந்தது. ஏமாற்றியது சூரியனன்று. அணைக்கும் பழக்கம் போய்விட்டது, அவ்வளவே.

பிள்ளைகளைக் குறித்து இதில் நமக்குத் தனிக் கவலை உண்டு. அறையை விட்டு வெளியேறும்போது கை தானாகப் பொத்தானைத் தேடுவது, நம் பெற்றோர் பல்லாண்டு சொல்லிச் சொல்லி ஊட்டிய நற்பழக்கம். 'கட்டணம் இல்லையே, எரியட்டும்' என்று ஒரு முறை தாயே கூறிவிட்டால், அப்பழக்கம் ஒரே ஆண்டில் அழிந்துவிடும். மின்சாரத்தில் கட்டுப்பாடு தளர்ந்த பிள்ளை, தண்ணீரிலும் சோற்றிலும் கட்டுப்பாடு காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பகலில் அனுப்பியதை இரவில் எடுத்துக்கொள்கிறோமே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். மின்கம்பி நெல் குதிர் அன்று. பகலில் கொட்டியதை அது சேர்த்து வைத்திருப்பதில்லை. நண்பகலில் நாம் அனுப்பும் மின்சாரம் அந்நேரமே வேறெங்கோ செலவாகிவிடுகிறது. மாலை ஆறரை மணிக்கு எல்லா வீடுகளும் ஒருசேர விளக்கேற்றும்போது, அதை அனல் நிலையங்களும் நீர்மின் நிலையங்களும் பிறவுமே ஈடு செய்கின்றன. மூன்றில் ஒரு வீட்டின் கூரையில் தகடு கொண்ட ஆஸ்திரேலியாவில் இது பெரும் சிக்கலாயிற்று. நண்பகலில் மின்சாரம் மிகையாகிவிட்டதால், வீடுகள் அனுப்பும் யூனிட்டுக்கு முன்பு தாராளமாக வழங்கிய விலை மிகவும் சரிந்துவிட்டது. அங்குள்ளோர் துணி துவைப்பதையும் வெந்நீர் காய்ச்சுவதையும் நண்பகலுக்கு மாற்றிக்கொண்டனர்.

நம் நாட்டிலும் அதற்கான அறிகுறி தோன்றிவிட்டது. நடுவண் அரசு 2023-இல் திருத்திய விதிகள், சூரிய ஒளி மிகுந்த பகல் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்தும், உச்ச நேரத்தில் உயர்ந்தும் இருக்க வழி வகுத்தன. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கும் அது பொருந்தும். ஆதலால் மோட்டார், சலவை எந்திரம், மாவரைக்கும் கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் காலை பத்து முதல் பிற்பகல் மூன்று மணிக்குள் இயக்கப் பழகிக்கொள்வது நன்று. யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறையில் இதனால் கட்டணம் குறையாது எனினும், விதி மாறும் நாளில் பழகிய குடும்பம் திகைக்காது.

இன்னொரு செய்தியை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். மின்தடை ஏற்பட்டால், வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும், மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு தானே நின்றுவிடும். 'இத்தனை பணம் செலவழித்தும் விளக்கு எரியவில்லையே' என்று சினங்கொள்வோர் பலர். காரணம் இதுதான்: தெருக்கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கை வைக்கிறார். நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போகும். அவருடைய வீட்டிலும் மனைவி மக்கள் காத்திருக்கின்றனர் என்று எண்ணினால், சற்று நேர இருளை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு கடினமன்று. தூசியும் பறவை எச்சமும் படிந்தால் விளைச்சல் குறையும். அதிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர் ஊற்றி மென்துணியால் துடைத்தால் போதும். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்நீர் ஊற்றுதல் ஆகாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் முழு வரிசையின் விளைச்சல் தளரக்கூடும்; இடத்தை அமைக்குமுன்னரே பார்த்துக்கொள்க. நிழல் விழுகிறதென்று வேப்பமரத்தை வெட்டுவோரும் உளர். வீட்டைக் குளிர்விக்கும் மரத்தை வெட்டிவிட்டு, குளிர்சாதனம் வாங்குவது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை!

இறுதியாக, கூரையே இல்லாதோரை மறவாதிருப்போம். வாடகை வீட்டிலும் குடிசையிலும் அடுக்குமாடியின் நடுத்தளத்திலும் வாழ்வோர்க்கு இத்தகடும் மானியமும் எட்டுவதில்லை. கம்பமும் கம்பியும் மின்மாற்றியும் பராமரிக்கும் செலவோ அனைவருக்கும் பொது. பகலில் கம்பிக்கு ஈந்து இரவில் அதனிடம் வாங்கும் நாம், 'என் கட்டணம் சுழியம்' என்று பெருமை பேசுமுன், அக்கம்பியைத் தாங்கி நிற்போரின் பங்கையும் நினைத்தல் வேண்டும்.

எனவே, தகடு அமைக்க விழைவோர்க்கு நாம் கூறுவது இதுவே. முதலில் ஓராண்டு மின்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். அடுத்து, பழைய குண்டு பல்புகளையும் மின்சாரத்தைக் குடிக்கும் பழைய விசிறிகளையும் மாற்றுங்கள். 75 வாட் விசிறி செய்யும் வேலையைப் புதுவகை விசிறி 30 வாட்டிலேயே செய்கிறது. அதன்பின்னும் பயன்பாடு 500-ஐத் தாண்டினால், தேவைக்கேற்ற அளவில் தகடு அமையுங்கள். அமைத்தபின்னும், திங்கள்தோறும் ஒரு நாள் குடும்பமாக அமர்ந்து, விளைந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அதைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். கட்டணம் குறைந்த வீட்டிலும் அப்பழைய விசாரணை நின்றுவிட வேண்டாம்.